ஆரணியின் வலது கண்ணுக்கு நான் எழுதிய இலக்கம்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வீட்டின் பின்கோடியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த ஆஸ்பத்திரியின் றெக்கோட் றூமிலிருந்து தர்சிகா எடுத்திருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முந்தி வேலைக்குச் சேர்ந்த பிள்ளை.

"சேர், கேள்விப்பட்டியளோ? எங்கடை எச் எல்லாம் போகப் போகுதாம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெளியே உள்ளவர்களுக்கு விளங்காது என்பதால் சொல்கிறேன். ஒரு நோயாளி ஆஸ்பத்திரியை விட்டுப் போனபின், டொக்டர் எழுதிய நோயின் பெயரைப் பார்த்து அதற்கு ஓர் இலக்கம் போடுவதுதான் எங்கள் வேலை. உலகம் முழுவதற்கும் ஒரே இலக்கம். அதற்கென்று தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. எங்கள் காலத்துப் பதிப்பில் கண் வருத்தங்கள் எச் என்ற எழுத்தில் தொடங்கும். எச் 49 என்றால் நரம்பு வேலை செய்யாமல் வந்த வாக்குக் கண், அதாவது மாறுகண். எச் 50 என்றால் மற்ற வாக்குக் கண்கள். எச் 53 பார்வைக் கோளாறுகள். எச் 54 பார்வை இழப்பு. புதிய பதிப்பில் இந்த எழுத்தே இல்லையாம். எல்லாம் கொம்பியூற்றரில், எண்ணில் தொடங்குகிறதாம்.

புதிய பதிப்புக்கான பயிற்சி நாளில் வந்து அரை மணித்தியாலம் கதைக்க முடியுமா என்று கேட்டாள். பத்துப் பேருக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். பாடம் எழுத எனக்குத் தெரியாது. நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

நான் கொடிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். கணக்கும் ஆங்கிலமும் ஓரளவு வந்ததால் இந்த உத்தியோகம் கிடைத்தது. கொழும்பில் ஒரு வருடம் படிப்பித்தார்கள். அந்த வருடத்தில் எனக்கு இப்போது நினைவிருப்பது தங்கியிருந்த அறையின் மூட்டைப்பூச்சியும், மூன்று தொகுதிப் புத்தகத்தைத் தூக்கித் தூக்கி வலித்த தோளும்தான். வேலையை நான் படித்தது யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்தபின், புவனேஸ்வரி மிஸ்ஸிடம்.

மிஸ் பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான, உயரமான மனுசி. கறுப்புக் குடை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். மழைக்கு விரித்ததை விட, மேல் றாக்கையில் இருக்கும் கட்டுகளை இழுப்பதற்கு அதன் வளைந்த பிடி உதவியதுதான் அதிகம். அவர் யாரையும் ஏசிக் கேட்டதில்லை. "பிழை" என்ற சொல்லையே சொல்லமாட்டார். நாங்கள் இலக்கம் போட்டு முடித்த ரிக்கற்றுகளை, அதாவது நோயாளிகளின் வாட்டுக் குறிப்புகளைப் பின்னேரம் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். ஏதாவது ஒன்றில் விரல் நின்றால், எங்கள் மேசைக்கு வந்து அதை மெதுவாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உது ஆர் சொன்னது?"

டொக்டர் சொன்னதா, நீ நினைத்ததா என்பதுதான் கேள்வியின் பொருள். நாங்கள் நோயைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் இல்லை. மருந்தைப் பார்த்து இன்ன வருத்தம் என்று ஊகிக்கவோ, அளவைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரவோ எங்களுக்கு உரிமை கிடையாது. டொக்டர் எழுதிய சொல்லை எடுத்து, முதலில் மூன்றாம் தொகுதியின் அகரவரிசையில் தேட வேண்டும். அங்கே கிடைத்த இலக்கத்தை முதலாம் தொகுதியில் திரும்பவும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எழுத்து விளங்காவிட்டால் எழுந்து போய்க் கேட்க வேண்டும். மிஸ் இருபத்தைந்து வருடம் அந்தக் கதிரையில் இருந்தவர். எச் 50 அவருக்குத் தன் வீட்டு விலாசம் மாதிரி. ஆனாலும் இரண்டு புத்தகத்தையும் விரிக்காமல் அவர் ஓர் இலக்கம் எழுதி நான் காணவில்லை. எனக்கோ இரண்டு வருடத்திலேயே பாதி இலக்கங்கள் மனப்பாடம். அதில் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமைக்கு முதல் குட்டு விழுந்தது ஒரு கடற்றொழிலாளியால். கண் டொக்டரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒரு ரிக்கற்றில் ஆங்கிலத்தில் எஸ், ஓ என்று இரண்டு எழுத்து. அதற்குப் பக்கத்தில் வாதம் என்று பொருள்படும் சொல். அந்த இரண்டு எழுத்தையும் "ஆகவே" என்று வாசித்து, ஏதோ ஒரு வாதம், வகை தெரியாது என்று ஓர் இலக்கத்தைப் போட்டுவிட்டேன். பின்னேரம் ரிக்கற் என் மேசைக்குத் திரும்பி வந்தது.

"உது ஆர் சொன்னது?"

"டொக்டர்தான் மிஸ். ஆகவே வாதம் எண்டு..."

"ஆகவே எண்டால், அதுக்கு முதல் என்ன?"

அதற்கு முதல் ஒன்றும் இல்லை. மிஸ் சிரிக்கவில்லை. "அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வரேல்லை, இன்னும் வாட்டிலைதான் இருக்கிறார். போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார்.

போனேன். பருத்தித்துறைப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். கட்டிலில் இருந்தபடி தலையை வலது தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கழுத்து வலியோ என்று கேட்டேன்.

"கழுத்துக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. வள்ளத்துக்கை விழுந்து தலை அடிபட்டதிலை இருந்து இப்பிடித்தான். தலையை நிமித்தினா ரெண்டு வள்ளம் தெரியுது, ஒண்டுக்கு மேலை ஒண்டு. எதிலை ஏறுறது, சொல்லும் பாப்பம்?"

வாட் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். நேர்ஸ் வந்து விளக்கினார்: அந்த இரண்டு எழுத்து, கண்ணைச் சுழற்றும் ஒரு தசையின் பெயர்ச் சுருக்கம். அதை இயக்கும் நாலாம் நரம்பு பழுதுபட்டால் ஒரு பொருள் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் ஒன்றாகும். திரும்பி வந்து எச் 49.1 என்று எழுதினேன். அதன்பிறகு அந்த இலக்கத்தை எங்கே கண்டாலும் எனக்கு அந்த மனுசனின் சாய்ந்த தலைதான் முன்னால் வரும். மூன்று மாதத்தில் நரம்பு தானாகத் தேறி, கிளினிக்குக்கு நேர்த் தலையோடு வந்து போனார் என்றும் கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. அடுத்தது அப்படியல்ல.

வாட்டில் தங்கியவர்களுக்குத்தான் நாங்கள் இலக்கம் போடுவது வழக்கம். கிளினிக்குக்கு வந்து போகிறவர்களுக்கு இல்லை. ஆனால் எங்கள் கண் டொக்டர், பிள்ளைகளுக்காக அதையும் செய்து தரச் சொல்லிக் கேட்டார். வாக்குக் கண் உள்ள சின்னப் பிள்ளைகளில் பலருக்கு, திரும்பிய கண்ணில் பழுது ஒன்றும் இருக்காது. ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கணக்கெடுப்பதை விட்டுவிடும். அதைச் சோம்பல் கண் என்பார்கள். இலக்கம் எச் 53.0. நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடி வைத்தால் சோம்பல் கண் பார்க்கப் பழகும். ஆனால் அது சின்ன வயதில்தான் நன்றாக நடக்கும். ஏழு, எட்டு வயதுக்குப் பிறகு கடினம். பெற்றோர் இரண்டு முறை வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதி, இலக்கப்படி பெட்டிகளில் அடுக்கினோம். நாலு மாதத்துக்கு ஒருமுறை எச் 53.0 பெட்டியை எடுத்து, வராமல் நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்குக் கடிதம் போடுவோம்.

எச் 54 பெட்டிக்குக் கடிதம் போவதில்லை. அது பார்வை போனவர்களின் பெட்டி, வாட்டில் தங்கிப் போனவர்களின் அட்டைகளும் அதில்தான் இருக்கும். பெரும்பாலும் வயதானவர்கள்.

ஒரு வருட முடிவில், அந்தப் பெட்டியில் எத்தனை பேர் என்று அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நான் அட்டைகளின் வயதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனேன். எழுபத்திரண்டு. அறுபத்தெட்டு. எண்பத்தொன்று. ஐந்து.

ஐந்து என்று எழுதியபின்தான் கை நின்றது. அட்டையை எடுத்தேன். ஆரணி, புத்தூர். டொக்டர் எழுதியிருந்தார்: வலது கண் உட்பக்கம் திரும்பியிருக்கிறது, கடுமையான சோம்பல் கண். கண்ணாடி கொடுத்து இடது கண்ணை மூடவும். இரண்டு கிழமையில் திரும்ப வரவும். அதற்குக் கீழே பார்வை அளவு: ஒரு மீற்றரில் விரல் எண்ணுகிறாள்.

நடந்தது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. நான் கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு மீற்றரில் விரல் எண்ணுவது என்றால் ஒரு கண்ணில் பார்வை இல்லை என்ற அளவு, எச் 54.4. புத்தகத்தை விரிக்கவில்லை. மேலே இருந்த நோயின் பெயரை வாசிக்கவில்லை. என்னுடைய கையெழுத்து, வடிவான உருண்டைக் கையெழுத்து. அந்தப் பிள்ளை இரண்டு கிழமையில் திரும்ப வரவில்லை. கடிதமும் போகவில்லை. பத்து மாதம் போயிருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அட்டையை எச் 53.0 பெட்டியில் மெதுவாக வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கடிதக் கட்டு இரண்டு மாதத்தில் போகும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதற்குள் அவளுக்கு எத்தனை வயது ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் பார்த்தது. ஆறும் தாண்டிவிட்டது. கொண்டுபோய் மிஸ்ஸின் மேசையில் வைத்தேன்.

மிஸ் வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?"

"ஆறு முடிஞ்சுது மிஸ். கடிதம் இண்டைக்கே எழுதி..."

"கடிதம் வேண்டாம். ரெலிபோன் நம்பர் இருக்கோ?"

இருந்தது. அடித்துப் பார்த்தோம், பாவனையில் இல்லை. மிஸ் அட்டையை எடுத்துக்கொண்டு கண் டொக்டரின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அங்கே என் வாயால்தான் சொல்ல வைத்தார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

திரும்பி வந்ததும் மிஸ் ஒரு வேலை செய்வித்தார். அட்டையில் இருந்த இலக்கத்தை நான் மையால் அழுத்தி மறைக்கப் போனபோது கையைப் பிடித்தார். "மறைக்காதையும். ஒரு கோடு மட்டும் போடும். கீழை இருக்கிறது வாசிக்கக் கூடியதா இருக்கோணும். பக்கத்திலை சரியானதை எழுதி, பேரும் திகதியும் வையும்." அப்படியே செய்தேன். பிறகு அவர் மேசை லாச்சியைப் பூட்டிக் குடையை எடுத்தார்.

"நீங்களுமோ மிஸ்?"

"நீர் தனியப் போனா அழுதிடுவீர்" என்றார்.

புத்தூர்ச் சந்தியில் இறங்கி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவ மாதுவையும் கூட்டிக்கொண்டு நடந்தோம். செம்மண் ஒழுங்கை. இரண்டு பக்கமும் வெங்காயம். வீட்டில் தாய் கைக்குழந்தையோடு நின்றார். வாசலில் ஒரு பெண்பிள்ளை குந்தியிருந்து, கோழிக்குஞ்சு ஒன்றைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். கண்ணாடி இல்லை. வலது கண் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளினிக் என்றதும் தாயின் முகம் சுருங்கியது.

"நாங்கள் மறந்துபோய் நிக்கேல்லை மிஸ். நல்ல கண்ணை மூடச் சொன்னவை. மூடினா வேலியிலை போய் முட்டுறாள், 'அம்மா லைற்றைப் போடுங்கோ' எண்டு பகல்லை அழுறாள். எந்தத் தாய்க்கு மனம் வரும்? பிறகு எனக்கு இவன் பிறக்கிற நாள். அங்கையிருந்தும் ஒரு கடிதம் வரேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கடிதம் வந்தது. எங்களுக்கு வராட்டி, இனி வந்து பிரியோசனம் இல்லை எண்டுதானே அர்த்தம்? அப்பிடித்தான் நினைச்சம்."

மிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். நான்தான் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது.

"கடிதம் வராதது என்ரை பிழை அம்மா. பிள்ளையின்ரை அட்டையை வேறை பெட்டியிலை போட்டிட்டன்."

"எந்தப் பெட்டியிலை?"

கேட்டது தாய் இல்லை. தோட்டத்திலிருந்து வந்த தகப்பன், மண்வெட்டியோடு எனக்குப் பின்னால் நின்றார். காலெல்லாம் சேறு. நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது.

"அப்ப, உங்கடை புத்தகத்திலை என்ரை பிள்ளை குருடு எண்டோ எழுதினனீங்கள்?"

"ஓம். டொக்டர் அப்பிடி எழுதேல்லை. நான் எழுதினனான்."

அவர் மண்வெட்டியை வேலியோடு சாத்தினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். மகளைப் பார்த்தார். அவள் சிரட்டையைத் திறந்து, குஞ்சு இருக்கிறதா என்று இடது கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிச் செய்யலாமோ?" என்று மிஸ்ஸைக் கேட்டார்.

"செய்யலாம். முந்திச் செய்திருந்தா இன்னும் நல்லம். இப்பவும் செய்யலாம். நாளைக்கே வாங்கோ."

"நாளைக்கு எனக்கு இறைப்பு முறை மிஸ். விட்டா வெங்காயம் வாடிப்போம். இவள் கைக்குழந்தையோடை தனிய எப்பிடி வாறது?"

"இறைப்பை இவர் வந்து பாப்பார்" என்றார் மிஸ், என்னைக் காட்டி. "கொடிகாமத்துத் தோட்டக்காரன்ரை மகன்தான். பழக்கம் இருக்கும்."

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். தகப்பன் அப்படி நினைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "வாறீரோ?" என்றார்.

"வாறன்" என்றேன்.

அடுத்த நாள் லீவு போட்டு, விடியக் கொடிகாமத்திலிருந்து புறப்பட்டுப் போய், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வெங்காயத் தறைக்குத் தண்ணீர் கட்டினேன். பதினைந்து வருடம் மண்வெட்டி பிடிக்காத கை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. மத்தியானம் அவர்கள் கிளினிக்கிலிருந்து திரும்பி வந்தபோது, ஆரணியின் இடது கண்ணில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, புதுக் கண்ணாடிக்கு அளவும் எடுத்திருந்தார்கள். தகப்பன் பாத்திகளைச் சுற்றிப் பார்த்தார். "கடைசிப் பாத்திக்குத் தண்ணி காணாது" என்றார். பிறகு, "சாப்பிட்டிட்டுப் போம்" என்றார்.

அந்தப் பிள்ளை பிளாஸ்டரோடு பட்ட பாட்டை நான் பார்த்தவன். கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை, அவள் வரும் நாளில் அட்டையை நானே கிளினிக்குக்குக் கொண்டுபோவேன். அப்படிக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை, மிஸ்ஸும் கேட்கவில்லை. முதல் மாதம் பிளாஸ்டரைப் பிய்த்துக் கிணற்றடியில் ஒளித்து வைத்தாள். தகப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார்: தன் இடது கண்ணிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஊர் சிரித்ததாம். "அப்பாவும் நானும் ஒரே வருத்தம்" என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னாளாம். தாய், ஊதாப் பாசிமணிகளை ஊசியில் கோக்க வைத்தார். முதலில் அவளால் ஒரு மணியும் கோக்க முடியவில்லை. மூன்று மாதத்தில் ஒரு மாலை கோத்துக்கொண்டு வந்து நேர்ஸுக்குக் கொடுத்தாள்.

பார்வை மெல்ல மெல்ல ஏறியது. விரல் எண்ணியவள் பலகையின் பெரிய எழுத்தை வாசித்தாள். பிறகு இரண்டாம் வரி. பிறகு மூன்றாம் வரி. நாலாம் வரியோடு நின்றது. எவ்வளவு மூடியும் அதற்குக் கீழே இறங்கவில்லை. நான் ஒருநாள் துணிந்து டொக்டரைக் கேட்டேன்: "பத்து மாசம் முந்தித் தொடங்கியிருந்தா?"

டொக்டர் ஆறுதல் சொல்லக்கூடிய மனிதர். அன்று அவர் அதைச் செய்யவில்லை. "தெரியாது தவராசா. இன்னும் ஒண்டிரண்டு வரி வந்திருக்கலாம். இதிலேயே நிண்டிருக்கவும் கூடும். ஆராலையும் சொல்லேலாது" என்றார்.

அந்த "தெரியாது" இன்றும் என்னோடு இருக்கிறது. அதற்குப் பிறகு கடைசி நாள் வரை, மனப்பாடமாகத் தெரிந்த இலக்கத்துக்கும் இரண்டு புத்தகத்தையும் விரித்தேன். மற்றவர்கள் என்னை மெதுவான ஆள் என்றார்கள். மிஸ் ஓய்வு பெற்றுப் போகும்போது, "தவராசா மெதுவா வேலை செய்வார்" என்று புதிய பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் சொன்ன குரலுக்காக, எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழையும் மாற்றிக் கொடுப்பேன்.

எட்டு வயதில் ஆரணிக்குச் சத்திரசிகிச்சை செய்து கண்ணை நேராக்கினார்கள். பத்தரை வயதில் டொக்டர் இனி வரத் தேவையில்லை என்று எழுதினார். அன்று அவளும் தாயும் அட்டையோடு றெக்கோட் றூமுக்கே வந்தார்கள். தாயின் கையில் ஒரு பை வெங்காயம். ஆரணி நன்றாக வளர்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், கண்ணாடி. என் மேசையோரம் வந்து நின்று, முடிகிற அட்டையில் கடைசி இலக்கம் எழுத நான் மூன்றாம் தொகுதியையும் பிறகு முதலாம் தொகுதியையும் விரிப்பதைப் பார்த்தாள்.

"என்ன எழுதப் போறியள்?"

"எச் 53.0."

"அப்பிடியெண்டா?"

சின்னப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல யோசித்தேன். "உம்மடை வலது கண், பாக்கப் பழகக் கொஞ்சம் பிந்திப்போச்சு எண்டு அர்த்தம்."

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என்ரை கண் பிந்தேல்லை. நீங்கள்தானே பிந்தினனீங்கள்? அப்பா சொன்னவர்."

தாய் பதறிப்போய் அவளின் வாயைப் பொத்தப் போனார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"ஓம் பிள்ளை" என்றேன். "நான்தான் பிந்தினனான்."

அவள் சரி என்று தலையாட்டினாள். கோபம் ஒன்றும் இல்லை; ஒரு கணக்கு சரிவந்த மாதிரி. பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, நான் எழுதி முடிக்கும்வரை அந்த இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றாள்.